காவி படிந்த கைகள்

ஒன்பது வயதில் எனக்குத் துப்பறியும் புத்தி கொஞ்சம் கூடுதல். அந்த வருடக் கடைசி விடுமுறைக்கு அம்மா என்னைக் கிள்ளானில் மாமா வீட்டில் இறக்கிவிட்டாள். மாமா செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கொட்டகை போட்டுச் செம்மறி வளர்த்தார். அத்தைக்கு இடுப்பில் ஐந்து மாதப் பிள்ளை, வயிற்றில் அடுத்தது. "அத்தைய எதையும் தூக்க விடாத" என்பதுதான் எனக்கு இடப்பட்ட கட்டளை.

மாமாவுக்கு எல்லாவற்றிலும் அவசரம். ஆடு குட்டி போட்டு நாற்பது நாள் ஆகாது, கிடாவை உள்ளே விட்டுவிடுவார். கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசியிருப்பார். அது சேர்ந்த ஆட்டின் பின்பக்கம் சிவந்துவிடும். "பொட்டு வச்சாச்சு லா" என்பார். அந்தப் பொட்டு அழிந்து, புதிதாக விழாவிட்டால் சினை. மறுபடி விழுந்தால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். அந்த ஆடு கறிக்கடைக்குப் போகும்.

காது கிழிந்த ஆடு ஒன்று அத்தையின் செல்லம். துணி காயப்போடப் போனாலும் குட்டியோடு பின்னாலேயே வரும். மாட்டு டாக்டர் ஸ்கேன் மெஷினோடு வந்தபோது அதன் வயிற்றில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஏதோ மினுங்கியது. "அதுதான் இதயம்" என்று எனக்குக் காட்டினார். மாமாவிடம், "கொஞ்சம் இடைவெளி விடுங்கண்ணே, தாய் உடம்பு தேறணும்" என்றார். மாமா சிரித்தார். அத்தை மட்டும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

இரண்டு வாரம் கழித்து, மாமா இல்லாத நேரத்தில், அத்தை எங்களைக் கூட்டிக்கொண்டு டாக்சியில் கிளினிக் போனாள். பிள்ளையோடு நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். திரும்பும்போது ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, "மாமாகிட்ட சொல்லாத" என்றாள். சொல்லவில்லை. அந்த மட்டும் நான் யோக்கியம்.

அதற்குப் பிறகு ஒரு விடியற்காலை. பனிமூட்டத்தில் செம்பனைகள் கழுத்துவரைதான் தெரிந்தன. கொட்டகையில் ஒரு சத்தமில்லை. காது கிழிந்த ஆடு அசையாமல் நிற்க, அதன் பின்னால் அத்தை குந்தியிருந்தாள். இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவப்பு. "யாருக்கும் தெரியாது. நான் பாத்துக்கிறேன்" என்று முணுமுணுத்தாள். ஆடு மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

மினுங்கிக்கொண்டிருந்த அதை அந்தக் கைகள்தான் எடுத்துவிட்டன என்று முடிவு கட்டினேன். மறுநாள் விடியலிலும் அதே காட்சி. அந்தக் கையால் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கி வைத்தேன். மூன்றாம் நாள் மாமாவிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் மறுபடி வந்தார். திரை வெறும் கறுப்பாக இருந்தது. தரையில் ரத்தமில்லை, கலைந்து விழுந்த குட்டியுமில்லை.

"எங்க போச்சு?" என்றேன்.

"எங்கயும் போகலம்மா. உள்ளேயே கரைஞ்சிருச்சி. சீக்கிரமா சேர்த்தா சிலதுக்கு இப்படி ஆகும்."

அதைக் கேட்டபின் பயம் இன்னும் கூடியது. அத்தை ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுக்கு வலிச்சிருக்குமா டாக்டர்?"

"தெரியலக்கா. ஆடு வெளிய காட்டிக்காது."

மறுநாள் கறிக்கடை லோரி வந்தது. "நிக்காத வயித்துக்கு எதுக்குத் தீனி?" என்று மாமா பொதுவாகச் சொன்னார். தாயைக் காணாமல் குட்டி சாயங்காலம் வரை கத்தியது. யார் சொன்னது என்று அத்தை கேட்கவேயில்லை. எனக்கு ஒரு முட்டை கூடுதலாகப் பொரித்து வைத்தாள். ஆட்டின் மேல் மறுபடி விழுந்த பொட்டைத் துடைத்தெடுத்த காவி அவள் நகக்கண்ணில் இன்னும் ஒட்டியிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், அத்தையின் திருட்டுத்தனத்தைக் கண்டுபிடித்த பெருமையை அம்மாவிடம் அளந்தேன். பேச்சுவாக்கில் கிளினிக்கும் ஐஸ்கிரீமும் வெளியே வந்துவிட்டன. அம்மாவின் முகம் மாறியது. "ஐயோ, அவ வயித்துப் பிள்ளை" என்று முணுமுணுத்தபடி உடனே அத்தைக்குப் போன் போட்டாள். "நான்தான்" என்றாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசாமல், ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

லைன் கட்டாகிவிட்டது, அம்மாவுக்குத்தான் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.