சீதன வீட்டுக் கறையான்

ஓட்றியின் கதையைச் சொல்வதென்றால் கறையானில் இருந்துதான் தொடங்கவேண்டும். அவள் பிறந்தது, கலியாணம் கட்டினது, தையல் மெசின் மிதித்துச் சீவித்தது எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கடைசி ஐந்து வருசமாக அந்த மனுசி காலையில் எழும்பினதும், சிலுவை போடுவதற்கு முதல், கதவு நிலையைத்தான் பார்ப்பாள். கறையான் மண் ஏறியிருந்தால் கூட்டுகிற தும்புத்தடியை எடுப்பாள். ஏறாவிட்டால்தான் செபம்.

மட்டக்களப்பில் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் என்றால் தச்சுவேலை, இரும்புவேலை, மோட்டார்வேலை என்று கையில் ஏதாவது ஒரு தொழில் இருக்கும். ஓட்றியின் புருசன் ஹரல்ட், லொறி எஞ்சினில் காதை வைத்துக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுகிற மனிதன். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் வந்து முதலில் ஒரு கண்ணையும் பிறகு மற்றக் கண்ணையும் கொண்டுபோனது. பிள்ளை குட்டி இல்லை. ஒரு பெண்பிள்ளை இருந்திருந்தால் அடித்துப் பிடித்தாவது ஒரு வீடு கட்டியிருப்பார்கள் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் நடக்காது. பெண் இல்லாத வீட்டில் வீடு கட்டவேண்டிய அவசரமும் இல்லாமல் போய்விடுகிறது. அப்படியே வாடகை வீட்டிலேயே ஓட்றிக்கு வயது ஐம்பத்தேழு ஆகிவிட்டது.

கண் போன புதிதில் இருந்த வீட்டில் ஹரல்ட் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் பாயோடு கிடந்தார். கக்கூசுக்கு ஓட்றிதான் கைபிடித்துக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு முறையும் அந்த மனிதன் அழுதார். எஞ்சினைத் தூக்கின ஆள் பெண்சாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதால் பார்க்கிறவளுக்கு எப்படியிருக்கும். அந்த அழுகை இனி வேண்டாம் என்றுதான் வாவிக்கரை ஒழுங்கையில் இந்த ஓட்டு வீட்டைப் பிடித்தாள். படிகள் கிடையாது. கிணற்றுக்கு நெஞ்சளவு கட்டு. கட்டிலில் இருந்து கதவுக்கு ஏழு அடி, கதவில் இருந்து சமைக்கிற குசினிக்குப் பதினொன்று, குசினி வாசலில் இருந்து கிணற்றுக்கு எட்டு. ஹரல்ட் இதைப் பழக இரண்டு வருசம் பிடித்தது. பழகின பிறகு அழுகை நின்றது. இன்னொரு வீட்டை இன்னொரு முறை பழக அவரிடம் தெம்பு இல்லை என்பது ஓட்றிக்குத் தெரியும். அவளுக்கு இந்த வீடு வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

வீட்டுக்காரர் ஜெயராஜா மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் படிப்பித்துப் பென்சன் எடுத்தவர். வீடு அவருடைய மகள் மேர்லினுடைய சீதனம். மேர்லினுக்குக் கலியாணம் சரிவந்தால் வீட்டைவிட்டு எழும்பவேண்டும் என்ற பேச்சில்தான் வீட்டைக் கொடுத்தார். அது ஒளிவுமறைவு இல்லாத பேச்சு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்றதெல்லாம் குறைதான். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பெயின்ட் பூசக்கூடாது, கொடிக்கயிறுகூடக் கட்டக்கூடாது. கறையான் என்று போய்ச் சொன்னால், "கலியாணம் சரிவந்தா முழுக்கப் பிரிச்சிச் செய்வம், அதுமட்டும் பொறுங்க" என்பார். மாஸ்டர் பொறுக்கச் சொன்னார் என்று கறையான் பொறுக்குமா? முன்கதவு நிலையைத் தின்றது, ஓட்றியின் தையல் பெட்டியைத் தின்றது, செபப்புத்தகத்தை மட்டைமட்டும் விட்டுவைத்துத் தின்றது. சாப்பாட்டுக் கோப்பையில் கூரை வளைமரத்தின் தூள் விழும். ஹரல்ட் அதை மிளகுத்தூள் என்று நினைத்துச் சாப்பிடுவார். ஓட்றி அப்படியே நினைக்க விட்டுவிடுவாள்.

இந்த ஐந்து வருசத்தில் மேர்லினுக்காக இரண்டு இடத்தில் இருந்து வீடு பார்க்க வந்தார்கள். ஓட்றி இரண்டு முறையும் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் குடித்தார்கள், போனார்கள், பதில் வரவில்லை. பெண்ணுக்கு வயது போய்விட்டது என்று ஊர் சொன்னது, ஓட்றியும் அதையே நம்பினாள். இரண்டாவது கூட்டம் போன பிறகு முன்கதவு நிலையில் விரல் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. எலி என்று நினைத்துச் சீலைத்துண்டை வைத்து அடைத்தாள்.

அதற்கு அடுத்த வாரம் மாஸ்டர் வந்து நின்ற கோலத்தைப் பார்க்கவேண்டும். குடையால் நிலையைக் குத்திக் காட்டினார்.

"இதென்ன இது? என்ட பிள்ளைட வீட்டை இருந்து இருந்து பழுதாக்கிப்போட்டீங்களே, ஓட்றி."

"அஞ்சு வருசமா உங்களிட்டச் சொல்லிக்கொண்டுதானே இரிக்கன், மாஸ்டர்."

"சொன்னாக் காணுமா? இருக்கிற ஆக்கள்தான் பார்க்கணும். நத்தாருக்குள்ள ஒரு கறையான் இரிக்கப்படாது. ஏலாட்டி எழும்புங்க, நான் வேற ஆக்களை இருத்துறன்."

உள்ளே கட்டிலில் இருந்து ஹரல்ட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் போனதும் பறங்கிப் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். அதைத் தமிழில் எழுத முடியாது. பிறகு எழுந்து ஏழு அடி நடந்து வந்து, நிலையில் காதை வைத்து, விரல்மொட்டியால் தட்டினார்.

"இந்த இடம் கோது, உள்ளுக்கு ஒண்டும் இல்ல. இது நல்லம். இஞ்ச திருப்பியும் கோது. ஓட்றி, ஒரு சோக்குக் கட்டி எடு. நான் சொல்ற இடத்தில கோடு போடு."

அப்படித்தான் தொடங்கியது. காலைத் தேத்தண்ணி முடிந்ததும் ஹரல்ட் தட்டுவார், ஓட்றி கோடு போடுவாள். லொறி திருத்துகிற பழைய கராச்சில் இருந்து கறுத்த எஞ்சின் ஒயிலை டின்னில் வாங்கிவந்து, தடிமனான ஊசியால் ஓட்டைக்குள் ஏற்றினார்கள். உக்கின துண்டுகளை வெட்டி எடுத்துவிட்டு, கூட்டாளித் தச்சன் ஒருவனைக் கொண்டு வேப்பம் பலகை வைத்துப் பொருத்தினார்கள். பதினெட்டாம் நாள் ஹரல்ட் குசினி நிலத்தில் படுத்துக் காதை வைத்தார். "இதுக்குள்ளதான் தாய் இரிக்கி" என்றார். சீமெந்தை உடைத்துக் கிண்டினால் உண்மையாகவே புற்று. பெருவிரல் தடிப்பில் வெள்ளையாக, அசையமுடியாமல் கிடந்தது தாய்க்கறையான். ஓட்றி அதைக் கரண்டியில் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தாள். கண் போன நாளில் இருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

கிறிஸ்து பிறந்த நத்தார் நாளில் வீட்டில் ஒரு கறையான் இல்லை. மாஸ்டர் வந்தார், பார்த்தார், நல்லது என்று ஒரு சொல் சொன்னாரா? குசினியில் உடைத்த சீமெந்தைச் சரியாகப் பூசவில்லை என்றார்.

தை மாதத்தில் மூன்றாவது கூட்டம் வந்தது. மாப்பிள்ளையின் பெயர் அன்ரோ, தபாற்கந்தோரில் வேலை. மாப்பிள்ளையின் தாய் கதவு நிலையைத் தட்டிப் பார்த்தாள், யன்னலைத் தட்டிப் பார்த்தாள், "நல்ல மரம்" என்றாள். தட்டுவதைக் கேட்ட ஹரல்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவர்கள் போன பிறகு மூன்று நாளைக்கு அதே கதைதான்.

"நல்ல மரமெண்டு சொன்னா, கேட்டியா? மரமா நல்லது, வேலை நல்லது."

முந்தி இரண்டு கூட்டம் வந்து போனது, இதுவும் அப்படிப் போகும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கின முதல் ஞாயிறு, பூசை முடிந்து ஹரல்ட் இன்னும் வாங்கில் இருந்து செபம் சொல்லிக்கொண்டிருக்க, மேர்லின் கோயில் வாசலில் ஓட்றியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பிள்ளை அது, சூதுவாது தெரியாது.

"அன்ரி, சரிவந்திட்டு. உங்களாலதான். முந்தி வந்த ரெண்டு பேரும் அந்த நிலையைத்தான் குறை சொன்னவங்க. ஒரு அம்மா விரலைக் குத்திப் பார்த்தவவாம், விரல் உள்ளுக்குப் போயிட்டாம்."

ஓட்றிக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருசமும் அவளை அந்த வீட்டில் இருக்க விட்டது மாஸ்டரும் இல்லை, அவள் மன்றாடுகிற அந்தோனியாரும் இல்லை, கறையான். அதைத்தான் தேடித் தேடி, ஒயில் ஊற்றி, தாயையும் கிண்டி எடுத்துக் கொன்றிருக்கிறாள். வாயைத் திறந்து "சந்தோசம் மகள்" என்றாள். பின்னால் வந்த மாஸ்டர், பெரிய வெள்ளிக்கு முதல் வீட்டைத் தந்துவிடவேண்டும், ஈஸ்டர் பாஸ்கு கழிந்து கலியாணம் என்றார். வீட்டுப் பத்திரமான உறுதி எழுத முதல் மாப்பிள்ளையின் மாமன், வீடு கட்டுகிற மேசன் ஆள், நாலாவது ஞாயிறு வந்து கடைசியாக ஒரு முறை பார்ப்பாராம்.

ஹரல்டிடம் அவள் சொல்லவில்லை. இன்னொரு வீட்டைப் பிடித்துவிட்டுச் சொல்வோம் என்று நினைத்தாள். தைத்த துணி கொடுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வெயிலில் அலைந்தாள். ஒரு வீடு மாடியில், பதினாறு படி. வவுணதீவுப் பக்கம் ஒன்று கிடைத்தது, கிணறு நிலத்தோடு நிலமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. மூன்றாவது வீட்டுக்காரி நல்லபடியாகக் கதைத்துவிட்டு, ஹரல்டைப் பற்றிச் சொன்னதும் முகத்தை மாற்றினாள். "கண் தெரியாத ஆளுக்கு ஒண்டு நடந்தா எங்களுக்குத்தான் வில்லங்கம். மறுகா பார்ப்பம்." மறுகா என்றால் இல்லை என்று அர்த்தம், அது எல்லாருக்கும் தெரியும்.

தபசுகாலத்தின் மூன்றாவது வாரம் ஓட்றி செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பக்கத்து வெறும் வளவில் உக்கிப்போன தென்னங்குத்தி ஒன்று கிடந்தது. உள்ளே கறையான் கொள்ளாமல் இருந்தது. அதில் ஒரு துண்டை உடைத்து, உடுப்புத் தோய்க்கிற பேசினில் வைத்து, மேலே ஈரத்துணியால் மூடி, வீட்டுக்குள் கொண்டுவந்தாள். பின்னறையில் அலுமாரிக்குப் பின்னால் சுவரோடு வைத்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பைத் தண்ணீர் தெளித்தாள். ஐந்து வருசம் யாரைத் துரத்தினாளோ அவர்களுக்குத் தண்ணீர் வைத்தாள். "சுறுக்காத் தின்னுங்க" என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்து பார்த்தால், ஒயில் பூசின நிலையை விட்டு விலகி, சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு மண் கோடு. வளைமரத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தது. மேசன் ஆள் ஞாயிற்றுக்கிழமை இதைக் கண்டால் போதும், உறுதி எழுதமாட்டார்கள். ஓட்றி அன்றைக்கு ஹரல்டுக்கு மீன் பொரித்தாள். தபசுகாலத்து வெள்ளியில் இறைச்சிக்குத்தான் தடை, மீனுக்கு இல்லைதானே.

சனிக்கிழமை காலை ஒன்பது மணியிருக்கும், முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னறையில் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"ஓட்றி. ஒயில் டின்னைக் கொண்டா. வந்திட்டான் கள்ளன்."

போய்ப் பார்த்தால் ஹரல்ட் அலுமாரியை நகர்த்திவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றார். மண் கோடு அவருடைய விரலுக்குக் கீழே உடைந்திருந்தது.

"பொறுத்துச் செய்வமே, ஹரல்ட். நாளைக்குப் பின்னேரம் செய்வம்."

"உனக்கென்ன விசரா? மாஸ்டர் கண்டா என்ன சொல்லுவார்? எழும்பச் சொல்லிப்போடுவார். சுணங்காதே, போ."

அவரைத் தடுக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. எழும்பத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று சொல்லவேண்டும். அவள் வாயைத் திறந்தாள். ஹரல்டின் முகம் அவள் பக்கம் திரும்பியிருந்தது, எஞ்சின் பழுதைக் கண்டுபிடித்த நாட்களில் இருந்த அதே முகம். ஓட்றி போய் ஒயில் டின்னை எடுத்து வந்தாள்.

அவர் முழங்காலில் நின்று ஊற்றினார். அடியில் தடவினபோது குத்தி அகப்பட்டது.

"இது ஆர் இஞ்ச வச்சது?"

"நான்தான். அடுப்புக்கு எரிக்கலாமெண்டு எடுத்து வந்தன்."

"போ, விசரி. கறையானுக்கு நீயே சோறு போட்டிரிக்காய்."

சிரித்துக்கொண்டே குத்தியை இரண்டு கையாலும் தூக்கினார். அவள் பிடிக்கப் போக வேண்டாம் என்றார். குசினியைத் தாண்டி, வாசலில் ஒரு கணம் நின்று, கிணற்றடிப் பக்கம் எட்டு அடி நடந்தார். எதிலும் தட்டுப்படவில்லை, கை நீட்டித் தடவவும் இல்லை. குப்பை எரிக்கிற இடத்தில் குத்தியை வைத்து, மிச்ச ஒயிலை ஊற்றி, தீக்குச்சியைத் தானே கிழித்தார். ஓட்றி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து கதவு நிலையில் விரல்மொட்டியால் இரண்டு முறை தட்டினார்.

"கேட்டியா, கெட்டி. இனி நம்மளை எழுப்ப அந்த மனிசனுக்கு ஒரு சாட்டும் இல்ல."

"ஓம்" என்றாள் ஓட்றி.