ஆவிகளுக்குப் போன பங்கு

பிலிப்பைன்ஸில் எங்கள் ஊரான இலோயிலோவில் மாலையானால் ஒரே கோப்பையில் ரம் கைமாறிச் சுற்றும். முதலில் கொஞ்சம் மண்ணில் ஊற்றுவோம், அங்குள்ள ஆவிகளுக்கு. கோப்பையை மறுப்பவன் நண்பனே அல்ல.

ஆட்டோ போல சவாரி ஏற்றும் டிரைசைக்கிள் ஓட்டும் எலேனோவின் ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. குடியை நிறுத்து, தினமும் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலேனோ விடியலில் வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தான். மாலையில் வழக்கம்போல் வட்டத்தில் வந்து உட்கார்ந்து, தன் முறை வந்ததும் கோப்பையை வாங்கி மண்ணில் ஊற்றினான்.

"டேய், ஆவிக்கு ஈரல் வீங்கிடும்டா!" என்று கத்தினான் பருத்த பென்ஹூர்.

"அதுவும் என்னோட நடக்கட்டும் மச்சான்."

ஒரு நாளும் அவன் வட்டத்தைவிட்டு விலகவில்லை. ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஆறேழு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கொழுப்பு நன்றாகக் குறைந்திருந்தது. அன்று மாலை பென்ஹூர் தன் முறைக்கு வந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மண்ணில் ஊற்றினான்.

"காலையில எத்தனை மணிக்குடா கிளம்புவே?"