மகாராணியின் காதில் போட்ட பேச்சு

லாயத்தம்மாவுக்கு அலுப்பு என்பது வந்து போகிற விருந்தாளி இல்லை, கூடவே குடியிருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து சாணம் அள்ளுவாள், ஈர வைக்கோலை மாற்றுவாள், தொட்டிகளுக்குத் தண்ணீர் சுமப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, மகளும் கல்யாணமாகிப் போய்விட்டாள், இனிமேலாவது கொஞ்சம் காலை நீட்டலாமே என்று சொல்கிறவர்கள் குதிரை வளர்த்துப் பார்த்தவர்கள் இல்லை. அத்தனை அலுப்பிலும் அந்த லாயத்துக்குள் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட நின்றபடியே முடித்துவிடுவாள். அதற்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையைச் சொன்னவன் அங்கே லாடம் அடிக்க வருகிறவன். அவளுடைய கூடப் பிறந்த தம்பி. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குதிரை மிரண்டு அவனைத் தள்ளிவிட்டதில் முழங்கால் பிசகிவிட்டது. அன்று தலைக்கயிறு பிடித்திருந்தவள் அவள்தான். சீக்காளிப் புருஷனுக்காக ராத்திரியெல்லாம் கண்விழித்துவிட்டு வந்திருந்தாள் என்பது நிஜம். கயிற்றை விட்டுவிட்டாள் என்பது பச்சைப் பொய். உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்துப் பிடித்திருந்தாள். ஆனால் தரையில் கிடந்தவன் லாயமே கேட்கும்படி கத்தினான்: "தூங்கிட்டா! நின்னுக்கிட்டே தூங்கிட்டா!" கைக்காயம் ஆறிப்போனது. அந்த வார்த்தை ஆறவில்லை. அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது.

பேச்சை நிறுத்தலாம், வேலையை நிறுத்த முடியுமா? குளம்பு நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். பழைய லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, அரம் போட்டு, மறுபடி அடித்துத்தான் ஆகவேண்டும். அவன் காலைத் தூக்குவான், அவள் கயிற்றைப் பிடிப்பாள். பேச வேண்டியதை இருவரும் குதிரையிடம் பேசுவார்கள்.

"ஏன் மகாராணி, கயிறு பிடிக்கறவங்க இன்னிக்காவது முழிச்சிருக்காங்களா?" என்பான் அவன்.

"சிலருக்கு வாய் நீளற அளவுக்குக் கண்ணு தெரியல மகாராணி, என்ன பண்றது," என்பாள் இவள்.

சாடை பேசுவதில் அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. தொட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்தக் கிழட்டுப் பழுப்புக் குதிரைக்கு மகாராணி என்று பேர் வைத்தவர்கள் இப்படி ஒரு உத்தியோகத்தை நினைத்திருக்கமாட்டார்கள். பாவம், காதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கும்.

இந்த முறை லாடம் அடித்த மறுநாளே மகாராணி ஒரு முன்னங்காலை ஊன்ற மறுத்தது. போன மழைக்காலத்திலும் அதே கால்தான் நொண்டியது. முதலாளியம்மா வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"மறுபடி கால்ல நோய்னா என்னால வச்சுக் காப்பாத்த முடியாது. வித்துடுவேன்."

நொண்டுகிற கிழட்டுக் குதிரையை யார், எதற்கு வாங்குவார்கள் என்று லாயத்தம்மாவுக்குத் தெரியும். குனிந்து குளம்பைத் தொட்டாள். அனலாய்க் கொதித்தது. குளம்பின் வெளிப்பக்கம் வரிசையாகத் துருத்திய ஆணி முனைகளில் ஒன்று மட்டும் எக்கச்சக்கமாக மேலே ஏறியிருந்தது. ஆணி உள்ளே சதையில் பட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் சொன்னால் பழி தீர்க்கிறாள் என்றுதான் ஆகும். அதோடு, சண்டைக்கு நிற்க உடம்பில் தெம்பும் இல்லை.

"லாடக்காரரை வரச் சொல்லுங்கம்மா, பாக்கட்டும்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் வந்தான். காலைத் தூக்கி மடியில் வைத்துக் குறடால் குளம்பைச் சுற்றி ஒவ்வொரு இடமாக அழுத்தினான். அந்த ஆணியருகே வந்ததும் மகாராணி உதறியது. அவள் கயிற்றை இறுக்கினாள்.

"யார் குத்தினதுன்னு நீயே சொல்லிடு மகாராணி."

அவன் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அந்த ஒன்று மட்டும் கருப்பாய், ஈரமாய் வந்தது. மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். அவ்வளவு கிட்டே வைத்தால்தான் தெரிகிறதா இவனுக்கு என்று அவளுக்குச் சுருக்கென்றது.

முதலாளியம்மா உள்ளே வந்தாள். "என்ன, நோய்தானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பிழைத்துக்கொள்வான், மகாராணி போய்விடும். லாயத்தம்மா கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நோய் இல்லம்மா. ஆணி சதைல இறங்கியிருக்கு. நான் அடிச்சதுதான்."

"ஏன், குதிரை அசைஞ்சிடுச்சா? பிடிச்சிருந்தவங்க ஒழுங்காப் பிடிக்கலையா?" முதலாளியம்மாவின் பார்வை கயிற்றின் மேல் போனது.

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். "அக்கா கயிற விடலம்மா." ஆணியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அன்னிக்கும் விடல."

"என்னிக்கு?"

அவன் மறுபடி குதிரையின் காலருகே குனிந்தான். டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போடவேண்டும், வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைக்கவேண்டும், ஆறுகிறவரை லாடம் இல்லாமல் வெறுங்குளம்போடு இருக்கட்டும் என்றான்.

"சரி, குதிரை இருக்கட்டும். அடுத்த தடவை லாடத்துக்கு யாரைக் கூப்பிடறதுன்னு நான் யோசிக்கறேன்," என்று சொல்லிவிட்டு முதலாளியம்மா போய்விட்டாள். அவன் தலையாட்டினான்.

இப்படி ஒரு நாள் வந்தால் அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவேண்டும் என்று லாயத்தம்மா எத்தனையோ வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் இத்தனை வருஷமும் நின்றவள், காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அவன் கண் முன்னாலேயே, அதன்மேல் உட்கார்ந்தாள்.

அவன் பார்த்தான். தானே போய் வெந்நீர் கொண்டுவந்து, ஒற்றை ஆளாகக் காலைத் தூக்கித் தொட்டியில் இறக்கினான். குதிரை வெடுக்கென்று இழுத்தது.

"மெதுவாடா," என்றாள்.

மகாராணி வழக்கம்போல அவள் பக்கம் காதைத் திருப்பியது.

"உன்ன இல்லடி," என்றாள் லாயத்தம்மா. "அவன."