சுரண்டிய சிவப்பு

எண்ணெய்ச் சட்டியிலிருந்து மீன் வடைகளை அள்ளும்போதே, ஓரம் கருகியதாகப் பார்த்து இரண்டைத் தனியே ஒதுக்கிவிடுவார் ஃபுசாயே அக்கா. அவை விற்பனைக்கல்ல. கடை சாத்தும் நேரத்துக்கு யசுஹேய் வருவார். எழுபதைத் தாண்டிய பழைய படகோட்டி. கருகலில்தான் அவருக்கு ருசி. வாசலிலேயே நின்று தின்பார், உள்ளே வரமாட்டார். பயம் ஊர் வாய்க்கு அல்ல, அக்காவின் மகன் ஷுன்ஜிக்கு.

எங்கள் உவாஜிமா ஊரின் துறைமுகத் தெருவில் அக்கா கடைக்கு ஒட்டினாற்போல என் சலவைக் கடை. எல்லாம் என் கண்ணில் படும். படாததையும் கேட்டுத் தெரிந்துகொள்வேன். இந்த வயதில் என்ன வெட்கம் என்று ஒருநாள் அக்காவைச் சீண்டினேன்.

"போடி இவளே. ஷுன்ஜி ஒரு வார்த்த சரின்னு சொல்லட்டும், இன்னைக்கே மூட்டையக் கட்டிட்டு அவர் வீட்டுக்குப் போயிருவேன்."

ஷுன்ஜி சொல்லவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் உயிர்விட்ட சாயங்காலம் அம்மா யசுஹேயின் படகில் இருந்தாள். அது அவன் நெஞ்சில் தைத்த முள். மூச்சு முட்டியது, கொஞ்சம் காற்று வாங்கப் போனேன் என்கிறார் அக்கா. அதற்குமேல் இருவரும் அதைப் பேசியதில்லை. கல்லறையில் அப்பா பெயரோடு அம்மா பெயரையும் அவனே செதுக்கவைத்தான், எங்கள் வழக்கப்படி சிவப்புச் சாயம் பூசி. ஆள் இருக்கும்வரை சிவப்பு, போனபின் சுரண்டிவிடுவார்கள். எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வரவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லாமல் சொல்கிறான் என்றே எனக்குப் பட்டது.

இந்த இலையுதிர் காலத்து முன்னோர் வழிபாட்டுக்கு அக்காவோடு நானும் கல்லறைக்குப் போனேன். போன வாரம் ஷுன்ஜியிடம் போனில் மறுபடி கேட்டதாக வழியில் சொன்னார். பதில் பேசாமல் வைத்துவிட்டானாம்.

பதில் கல்லில் இருந்தது. அக்காவின் பெயரில் சிவப்பைக் காணோம். எழுத்துகள் வெறும் கல்லாக வெளிறிக் கிடந்தன. கல் தச்சன் தெரியாமல் செய்திருப்பான் என்று ஏதோ உளறினேன்.

"இல்லடி. அவன்தான்." வெளிறிய எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "செத்தவ யார்கிட்டயும் கேக்க வேண்டியதில்ல, இல்லியா?" என்றார்.

கல்லைக் கழுவி, கணவருக்கு ஊதுவத்தி ஏற்றினார். பின் என்னிடம் கை நீட்டி இன்னொன்றை வாங்கிக் கொளுத்தி, தன் பெயருக்கு முன்னால் நட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார்.