துடுப்பில் ஏறிய சட்டை

வள்ளக்காரர் பவுல் யாரையும் அடித்ததில்லை. 1942-இல் ஊரே கொதித்தபோது அவர் கொடியும் பிடிக்கவில்லை. யுத்த காலம், கடலுக்குப் போக வெள்ளைக்கார அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும். இன்ஸ்பெக்டர் கேட்டால், எந்த வள்ளம் எங்கே போகிறது என்று சொல்வார். துறைமுகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பிறகு தேடப் போன போலீஸ்காரர்களைப் பக்கத்துத் தீவுவரை ஏற்றிப்போனார். அது தொழில்தானே.

செப்டம்பரில் இன்ஸ்பெக்டர் வேறொன்று கேட்டார். தந்திக் கம்பியை அறுத்த சிவசுப்பிரமணியன் தருவைகுளத்துக் கிளாட்வினின் வள்ளத்தில் இலங்கைக்குத் தப்பப்போகிறான். துரத்தினால் பிடிக்க முடியாது.

"நீ துடுப்புல சட்டையைக் கட்டித் தூக்கு. அவங்களே வருவாங்க."

அந்தக் கரையில் அதற்கு ஆபத்து என்று அர்த்தம். கண்டால் பகையாளியும் வலையை அறுத்துவிட்டு வருவான்.

மனைவி மெட்டில்டா சோற்றைப் போட்டபடி கேட்டாள்.

"மாட்டேன்னா என்ன செய்வானாம்?"

"சீட்டைப் பிடுங்குவான்."

"பிடுங்கட்டும். நான் கருவாடு விக்கேன்."

"நான் செய்யலன்னா வேற எவனாவது செய்வாம்லா."

"அப்ப அவனே செய்யட்டும். உங்களுக்கென்ன அவசரம்?"

பவுல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். யோசிக்கவும் அலுப்பாக இருந்தது.

மறுநாள் காலை பவுலின் வள்ளத்தில் நாலு போலீஸ்காரர்கள் பாய்மரத் துணிக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். சட்டை ஏறியது. தூரத்து வள்ளம் தயங்கியது; பிறகு திரும்பியது. அதன் முன்முனையான அணியத்தில் சிவசுப்பிரமணியன் கயிற்றுடன் நின்றான்.

"ஏலே பவுலு, நீயா! வள்ளத்துல தண்ணி ஏறுதா? மூஞ்சி ஏன் பேயறஞ்ச மாதிரி இருக்கு? மொதல்ல குடி," என்று கிளாட்வின் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்.

போங்க என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். கயிறு வந்து விழுந்தது. பவுலின் கை பழக்கத்தில் அதைக் கட்டியது.

பாய் விலகியது. கையில் விலங்கு ஏறும்போதுகூடக் கிளாட்வினுக்குப் புரியவில்லை.

"வள்ளத்துக்கு ஒண்ணுமில்லையேடே?"

"இல்லண்ணே," என்றார் பவுல்.

காலி வள்ளத்தையும் அவரே இழுத்து வந்தார்.

கிளாட்வினுக்கு ஆறு மாதம் கிடைத்தது. சிவசுப்பிரமணியன் சிறையில் காய்ச்சல் கண்டு செத்தான். பவுல் சாகும்வரை வள்ளம் ஓட்டினார். ஊரில் ஒருவரும் அவரிடம் அதைப்பற்றிக் கேட்கவில்லை. அன்று கிளாட்வினின் வள்ளம் கிளம்பும் வேளையைப் போலீஸுக்குச் சொன்னவரும், அவர்கள் ஒளியப் பெரிய பாயை இரவல் கொடுத்தவரும், கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தான்.