நீலம் மாறாத பால்

அறுபதுகளின் தொடக்கத்தில், இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் பரிசோதகராக இருந்தேன். பாலில் சிறிது தயிரையும் நீலச் சாயத்தையும் கலந்து வெதுவெதுப்பான நீரில் வைப்போம். தயிர்க் கிருமி பெருகினால் நீலம் மறைந்து பால் வெளுத்துவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் மாடு வளர்த்த செல்லம்மாவின் பால் மட்டும் தொடர்ந்து மூன்று நாள் நீலமாகவே நின்றது. புளிக்காமலிருக்க எதையோ கலக்கிறார் என்று முடிவு செய்து, வரிசையில் நின்றவர்கள் முன்னால் திருப்பிக் கொடுத்தேன்.

“நான் ஒண்ணும் கலக்கலைங்க. வேணும்னா நீங்களே வந்து கறந்து பாருங்க” என்றார்.

மறுநாள் நானே போய்க் கறந்தேன். அந்தப் பாலும் வெளுக்கவில்லை. அதன் பிறகுதான் மாட்டுக்கு மருந்து ஏதும் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“மடி வீங்கியிருக்குங்க. டாக்டர் பென்சிலின் ஏத்துறாரு.”

பாலில் இறங்கிய பென்சிலின்தான் கிருமியைத் தடுத்திருக்கிறது. அப்படி நடக்கும் என்று நான் படித்தும் இருந்தேன்.

மருந்தை நிறுத்திச் சில நாளில் அவருடைய பால் வெளுத்தது. வரிசையின் முன் என் தவறைச் சொன்னேன்.

“மருந்து ஏத்துனா பால் கொண்டாரக் கூடாதுன்னு இவங்களுக்கும் சொல்லிடுங்க. இன்னொருத்தி திருடின்னு பேர் வாங்க வேணாம்” என்றார் செல்லம்மா.

திருடி என்ற சொல்லை நான் ஒருபோதும் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.