மூளிக்காது

ஏழு வயதுவரை எனக்குக் காது குத்தவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் கோலா கங்சாருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மூளிக்காதோடு திரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

காரணம் மாமா. அம்மாவுக்கு ஒரே தம்பி. பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், ஈப்போவில் ஒரு துணிக்கடை வேலைக்குப் போனார். இரண்டு வருடத்தில் முஸ்லிமானார், பெயர் மாறியது. அப்புறம் கடை வேலையையும் விட்டுவிட்டுத் தோட்டம் தோட்டமாக நடந்து பிரசங்கம் செய்தார். கள்ளுக்கடைக்கு எதிரே குடை பிடித்து நின்று பேசுவார். அவர் பேச்சைக் கேட்டு மார்க்கம் மாறியவர்கள் சிலர்தான். குடியை விட்டவர்கள் அதைவிடக் குறைவு. ஆனாலும் அந்தக் குரலுக்காகவே கூட்டம் கூடும்.

அப்பா தோட்டத்துக் கோவிலில் கரகம் எடுப்பவர். மாமா லயத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றார். ஆனால் தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாதே. அதனால் ஒரு தீர்ப்புச் சொன்னார்:

"காது குத்துற வரைக்கும் வந்து போகட்டும். அதோட சரி. அப்புறம் அந்த உறவு வேணாம்."

அதன்படி, காதுகுத்துக்கு நாள் பேச என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாமா தோட்டத்து முகப்புவரை வருவார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள். நாளைத் தவிர மற்றதெல்லாம் பேசுவார்கள். ஒற்றைப்படை வயதில்தான் குத்தவேண்டும் என்பது வழக்கம். மூன்றில் எனக்குக் காய்ச்சல் என்றாள் அம்மா. ஐந்தில் ஆசாரி கைராசி இல்லாதவர் என்றாள்.

"கல்யாணத்தன்னைக்குத்தான் குத்துவீங்களா மதினி?" என்று அப்பாவின் தங்கையான அத்தை கேட்பாள்.

பிள்ளைகள் என்னை 'மூளி' என்றே கூப்பிட்டார்கள். ஏழு வயதில் நானே அப்பாவிடம் போய் அழுதேன். அந்த வாரமே நாள் குறித்துவிட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

முகப்பில் பலகை போட்டு மாமா உட்கார்ந்தார். ஆசாரி கம்பியைத் துடைத்துக்கொண்டே, "குல்லா போட்ட தாய்மாமன இப்பத்தான் பாக்குறேன்" என்றார்.

மாமாவோடு வந்திருந்த ஈப்போக்காரருக்கோ வேறு கவலை. "பாய், அவங்க சாமியக் கும்பிட்டுச் செய்யுற சடங்கு. நீங்க மடி குடுக்கலாமா?"

"சாமிய அவங்க கும்பிடட்டும். மடி என்னுதுதான" என்றார் மாமா.

என் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சட்டையில் அத்தர் மணந்தது. தாடையை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாக் குத்துங்க" என்றாள் அம்மா.

"மெதுவாக் குத்துனாத்தாம்மா பிள்ளைக்கு வலிக்கும்" என்று ஆசாரி சலித்துக்கொண்டார். இரண்டு காதும் முடிய அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மாமா என் கையில் பேரீச்சம்பழப் பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்தார். "வாரேன்க்கா" என்றார். அவர் சாலை வளைவில் மறைந்த பிறகும் அம்மா அங்கேயே நின்றாள்.

"மாமா இனி எப்ப வருவாரு?" என்று கேட்டேன்.

"மொதல்ல காது ஆறட்டும்."

அதை அப்படியே நம்பினேன். மற்றப் பிள்ளைகள் எண்ணெய் போட அழுவார்கள். நான் காலையும் மாலையும் கேட்டுக் கேட்டுப் போட்டுக்கொண்டேன். சீக்கிரம் ஆறினால் மாமா சீக்கிரம் வருவார். பதினைந்தாம் நாள் வலி துளியும் இல்லை. ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன்.

அவள் இரண்டு காதுகளையும் வெகுநேரம் தடவிப் பார்த்தாள். பிறகு, "இன்னும் கொஞ்ச நாள் எண்ணெய் போடு" என்றாள்.

வலிக்காத காதுக்கு எதற்கு எண்ணெய் என்று எனக்குப் புரியவில்லை. ஆனாலும் போட்டேன்.